நஷ்டஈடு வாங்கியவர்கள்

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தமிழ் மாணவர்களுக்கு,

வாடகை வீடு, பார்ட் டைம் வேலை, பொன்னி அரிசி கிடைக்கும் கடை என்று ஓடிக்கொண்டிருக்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் கிளம்பியது. நம் பல்கலைக்கழகம் 2019-ல் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட 2 கோடி பவுண்டு ஒப்பந்தத்தைப் பற்றி யாரோ ஒரு செய்தியைப் போட்டார்கள். "எப்பவோ செத்தவங்க பண்ணதுக்கு இப்ப எதுக்குக் காசு?" என்று ஒரு தம்பி கேட்டான். "அப்படிப் பார்த்தா முதல்ல நமக்குத்தான் தரணும், நாமும் அடிமையா இருந்தவங்கதானே" என்றாள் ஒரு தங்கை. நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். பிறகு யாரோ பழைய மைக்ரோவேவ் விற்பனைக்கு என்று படம் போட, பேச்சு முடிந்தது.

நான் அங்கே பதில் எழுதவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை இது. வரலாற்றுத் துறையில் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே படித்துக்கொண்டிருப்பவள் என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்த புதிதில் என் எண்ணமும் ஏறக்குறைய அந்தத் தம்பியின் எண்ணம்தான். ஊரை ஏய்த்துச் சம்பாதித்த பணக்காரர் கடைசிக் காலத்தில் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பதைப் போல, வெள்ளைக்கார நிறுவனங்கள் மனசாட்சிக்காகக் கொடுக்கும் காணிக்கை என்றுதான் நினைத்தேன். அடிமை முறைக்கு இழப்பீடு என்பது நம் காலத்தில் முளைத்த கோரிக்கை என்றும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை முதலில் அசைத்தவை புரட்சிகரமான புத்தகங்கள் அல்ல, அரசாங்கக் கணக்குப் புத்தகங்கள்.

பிரிட்டன் அடிமை முறைக்கு நஷ்டஈடு கொடுத்தது. சரியாகச் சொன்னால், அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தது. 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது, 'சொத்தை' இழக்கும் உடைமையாளர்களுக்கு என்று 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் அது ஏறத்தாழ 40 சதவீதம். விடுதலை பெற்றவர்கள் சுமார் 8 லட்சம் பேர். அவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. அதோடும் விடவில்லை. 1834-ல் விடுதலை என்று அறிவித்துவிட்டு, 'பயிற்சித் தொழிலாளர்' என்று ஒரு பெயர் சூட்டி, பழைய எஜமானருக்கே வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் வேலை செய்ய வைத்தார்கள். ஆறு வருடம் ஓட்டத் திட்டமிட்ட அந்த ஏற்பாடு, எதிர்ப்பு தாங்காமல் 1838-ல் முடிவுக்கு வந்தது. அதுவரை, தன் விடுதலைக்கான விலையில் ஒரு பகுதியை அடிமையே உழைத்துக் கொடுத்தான்.

இந்தக் கணக்கு இன்றும் கிடைக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அந்த நஷ்டஈட்டு ஆணையத்தின் பதிவேடுகளை எடுத்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி ஒரு தரவுத்தளமாகச் செய்திருக்கிறார்கள். சுமார் 46,000 மனுக்கள். ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயர், தோட்டம், ஆட்களின் எண்ணிக்கை, வழங்கிய தொகை ஆகியவை பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் வரை இருக்கின்றன. ஆட்களைத் தரம் பிரித்தும் வைத்திருந்தார்கள். மேஸ்திரி, தச்சன் மாதிரிக் கைத்தொழில் தெரிந்தவர், வயல் வேலைக்காரர், வீட்டு வேலைக்காரர் என்று ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு விலை. அந்த விலையும் தீவுக்குத் தீவு மாறும். பட்டியலின் அடியில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களுக்குப் பிறகு, வயதானவர்களும் நோயாளிகளும் அடங்கிய 'உழைக்கத் தகுதியற்றவர்' வரிசை. அவர்களுக்கும் ஒரு தொகை வாங்கியிருக்கிறார்கள். இனி எந்த வேலையும் செய்ய முடியாத ஒரு கிழவியை இழந்ததற்காக ஒருவர் மனு எழுதி, முத்திரை வைத்து, பணம் பெற்றிருக்கிறார்.

"எப்படிக் கணக்குப் போடுவது? யாருக்கு என்று கொடுப்பது? நடைமுறையில் முடியுமா?" என்று இன்று கேட்பவர்களிடம் நான் இந்தப் பதிவேட்டைத்தான் காட்டுவேன். கடிதமே வாரக்கணக்கில் கப்பலில் போய்ச் சேர்ந்த காலத்தில், கடல் தாண்டி இருந்த லட்சக்கணக்கானவர்களை எண்ணி, தரம் பிரித்து, மனு வாங்கி, தகராறு தீர்த்து, சில வருடங்களில் அநேகமாக முழுத் தொகையையும் பட்டுவாடா செய்திருக்கிறார்கள். மனம் இருந்தபோது முடிந்திருக்கிறது.

'செத்தவர்கள் கதை' என்ற பேச்சுக்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 2 கோடியில் ஒன்றரைக் கோடியை அரசு கடனாக வாங்கியது. அந்தக் கடன் வேறு கடன்களோடு சேர்ந்து, உரு மாறி, கடைசித் தவணை கட்டி முடிந்தது 2015-ல். பிரிட்டன் நிதித் துறையே 2018-ல் இதை ஏதோ பெருமைக்குரிய துணுக்குச் செய்தி போலச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு, வசவு தாங்காமல் எடுத்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் பிழைக்க வந்து லண்டன் பஸ் ஓட்டியவர்கள் கட்டிய வரி இதற்குப் போயிருக்கிறது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து பெட்ரோல் பங்குகளில் இரவு வேலை பார்த்த நம் ஈழத்து உறவுகளின் வரியும்தான். செத்தவர்களின் கணக்கை உயிரோடு இருப்பவர்கள்தான் 2015 வரை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அதே 2015 செப்டம்பரில் பிரதமர் டேவிட் கேமரன் ஜமைக்கா நாடாளுமன்றத்தில் நின்று, பழையதைத் தாண்டி முன்னே போகலாம் என்று பேசினார். இழப்பீடு கிடையாது என்றார். சிறைச்சாலை ஒன்று கட்ட இரண்டரைக் கோடி பவுண்டு தருவதாகச் சொன்னார். இதை வேறு யாரும் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

சரி, பாதிக்கப்பட்டவர்கள் அப்போதே கேட்டார்களா என்பது அடுத்த கேள்வி. கேட்டார்கள். இந்த இடத்தில் அமெரிக்காவுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே ஜோர்டன் ஆண்டர்சன் இருக்கிறார்.

டென்னஸியில் 32 வருடம் அடிமையாக இருந்து, விடுதலையானதும் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டவர் அவர். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல் பழைய எஜமானர் கர்னல் ஆண்டர்சன், திரும்பி வந்து வேலை செய், நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்று எழுதினார். ஜோர்டன் சொல்லச் சொல்ல எழுதிய பதில் கடிதம் அந்த ஆண்டே பத்திரிகைகளில் வெளியானது. நலம் விசாரித்து, நீங்கள் முன்பு என்னை நோக்கிச் சுட்டிருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றே நினைத்தேன் என்று பவ்யமாகத் தொடங்கி, மெல்ல கணக்குக்கு வருகிறார். என் உழைப்புக்கு மாதம் 25 டாலர், 32 வருடம். மனைவி மேண்டிக்கு வாரம் 2 டாலர், 20 வருடம். ஆக 11,680 டாலர். அதோடு வட்டி. அதில் எங்களுக்கு நீங்கள் வாங்கித் தந்த துணிக்கும், எனக்காக மூன்று தடவை வைத்தியர் வந்ததற்கும், மேண்டிக்கு ஒரு பல் பிடுங்கியதற்கும் ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாம். மீதியை அனுப்பினால் உங்கள் நல்லெண்ணத்தை நம்புகிறோம் என்கிறார். அந்தப் பல்லை நான் மறக்கவே மாட்டேன். கூட்டிப் பெருக்கிப் பார்த்தேன், தொகை சரியாக வருகிறது.

பணம் வரவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருத்திக்கு வந்தது. ஹென்ரியட்டா வுட் சின்சினாட்டியில் சட்டப்படி விடுதலை பெற்ற பெண். 1853-ல் அவரைக் கடத்திக்கொண்டு போய் மறுபடி அடிமையாக விற்றார்கள். போருக்குப் பிறகு திரும்பி வந்தவர், கடத்தியவர்களில் ஒருவரான ஸெபுலன் வார்டு மீது 20,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1878-ல் நடுவர் குழு 2,500 டாலர் கொடுக்கச் சொன்னது. கேட்டதில் எட்டில் ஒரு பங்கு. என்றாலும் அடிமைப்பட்டதற்காக அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கொடுக்கச் சொன்னதாகத் தெரியவரும் தொகைகளில் இதுவே பெரியது. அதன் பிறகு அவர் தன் மகனோடு சிகாகோ போனார். மகன் ஆர்தர் சிம்ஸ் சட்டம் படித்து வழக்கறிஞரானார். பணம் கொடுத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு குடும்பத்தைக் காட்டலாம். மாறாத குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருப்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அன்றைய கோரிக்கைகளில் என்னை அதிகம் உலுக்கியது பணம் பற்றியது அல்ல. 1865 ஜனவரியில் சவானா நகரத்தில், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மனும் போர்த் துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பின மதபோதகர்களை அழைத்து, உங்கள் ஆட்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய காரிஸன் ஃப்ரேஸியருக்கு வயது 67. தனக்கும் மனைவிக்கும் 1,000 டாலர் கொடுத்து விடுதலை வாங்கியவர். அவர் சொன்னதன் சாரம்: நிலம் வேண்டும், அதில் நாங்களே உழைத்துப் பிழைத்துக்கொள்வோம். நான்கு நாளில் ஷெர்மன் ஆணை பிறப்பித்தார். தென்கரையோரம் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிர் வைத்தார்கள். ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அந்த வருடம் முடிவதற்குள் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. நான் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் மாவட்ட கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலையைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அதை ஒட்டி 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க முடிவெடுத்தது. அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனைகள் வேறு. அந்த நிலத்தில் பெரும்பகுதி இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். காரணை கிராமத்தில் அதை மீட்கப் போராடியவர்கள்மேல் 1994-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். சவானாவில் ஒரே வருடத்தில் பறித்தார்கள், நம் ஊரில் மெதுவாகப் பறித்தார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால், "முதல்ல நமக்குத்தான் தரணும்" என்று எழுதிய தங்கையிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: யாருக்கு, நமக்கு? பிரிட்டனின் 1833 சட்டத்திலேயே, கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இது பொருந்தாது என்று எழுதியிருந்தது. இந்தியாவுக்குத் தனிச் சட்டம் 1843-ல்தான் வந்தது. அதுவும் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்று சொன்னதோடு சரி. தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் மிராசுதார்களின் நிலத்தோடு கட்டுண்டு, நிலம் கைமாறினால் கூடவே கைமாறிய பண்ணையாட்களுக்கு அதனால் ஒரு குழிகூடக் கிடைக்கவில்லை. அவர்களை வைத்திருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. லண்டனிடம் இழப்பீடு கேட்கும்போது எல்லாரும் ஒரே 'நாம்', ஊரில் பஞ்சமி நிலம் என்றதும் வேறு வேறு 'நாம்' என்பது எனக்கு ஒத்துவரவில்லை.

'நாமும் அடிமைகள்தான்' என்பதற்கு வருகிறேன். கூலிகளாகக் கப்பலேறிய நம் ஆட்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறோம். அந்தக் கதைக்கும் அடிமை முறைக்கும் உள்ள தொடர்பு உண்மையானது. அதைக் கயானாவில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

பிரிட்டிஷ் பிரதமராக நான்கு முறை இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா ஜான் கிளாட்ஸ்டன், ஜமைக்காவிலும் கயானாவிலும் தோட்டங்கள் வைத்திருந்தவர். 1823-ல் கயானாவின் டெமராரா பகுதியில் வெடித்த அடிமைகளின் கலகம் அவருடைய 'சக்ஸஸ்' தோட்டத்தில்தான் தொடங்கியது. 1833 சட்டத்தின் கீழ் 2,508 பேருக்காக ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். இப்போது கையில் பணம் இருக்கிறது, கூலியில்லா ஆட்கள்தான் இல்லை. கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவிக்க ஏற்பாடு செய்தார். 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரு கப்பல்களும் 1838 மே 5-ல் கயானாவை அடைந்தன. அந்த நாளை இன்றும் இந்தியர் வருகை நாளாக அங்கே கொண்டாடுகிறார்கள். அவருடைய விரீடன்ஹூப் தோட்டத்துக்குப் போனவர்கள் சவுக்கடி வாங்கிய கதை லண்டன் வரை எட்டியது. பிற்பாடு சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. கயானாவில் இன்றும் 'மதராஸி' வழிபாடு என்றே சொல்லி மாரியம்மனுக்குப் பூசை செய்கிறவர்கள் அவர்கள் வழி வந்தவர்கள்தான்.

அதே கயானாவில் அதற்கு அடுத்த வருடம் நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த 83 பேர், சிறுகச் சிறுகச் சேர்த்த காசைத் திரட்டி, 'நார்த்புரூக்' என்ற கைவிடப்பட்ட தோட்டத்தை 1839 நவம்பரில் விலைக்கு வாங்கினார்கள். 10,000 டாலர். நாணயங்களைத் தள்ளுவண்டிகளில் தள்ளிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். விக்டோரியா என்று பெயர் வைத்துக் கிராமமாக்கினார்கள். எந்த மண்ணில் சம்பளமில்லாமல் உழைத்தார்களோ அதே மாதிரி மண்ணை, பணம் கொடுத்து வாங்கினார்கள். எஜமானர்களுக்கு நஷ்டஈடு, இவர்களுக்கு விலைச்சீட்டு.

இப்படிச் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியவர்கள் தோட்டங்களில் நியாயமான கூலி கேட்டு 1842-ல் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். 1848-ல் மறுபடி செய்தபோது தோற்றார்கள். தோட்ட முதலாளிகள் கையில் அப்போது வேறு ஆட்கள் இருந்தார்கள். மதேய்ரா தீவிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், நம் ஆட்கள். இத்தனை பேரையும் கப்பலில் கொண்டுவந்த செலவில் ஒரு பங்கு குடியேற்ற நாட்டின் பொது வருவாயிலிருந்து போனது. அதாவது, விடுதலை பெற்ற கறுப்பர்கள் கட்டிய வரியும் அவர்களுடைய கூலியைக் குறைக்கப் பயன்பட்டது. நம் முன்னோர் மேல் இதில் பழி இல்லை. பஞ்சத்துக்கும் ஆள்பிடிப்பவர்களின் பொய்க்கும் நடுவில் மாட்டியவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது, பேருக்காவது கூலி இருந்தது, முடிவுத் தேதி இருந்தது. அவர்களுடைய குழந்தை பிறக்கும்போதே இன்னொருவர் சொத்தாகப் பிறக்கவில்லை. இரண்டு கொடுமைகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது, இழப்பீட்டுப் பேச்சிலிருந்து நாம் நழுவிக்கொள்ளும் வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் இன்றைய வாரிசுகள் ஆறு பேர் கயானா போய், அடிமை முறையில் தங்கள் குடும்பத்தின் பங்குக்கு மன்னிப்புக் கேட்டார்கள். கயானா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்றுக்கு ஒரு லட்சம் பவுண்டு அறிவித்தார்கள். கூட்டத்திலேயே எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. ஜான் கிளாட்ஸ்டன் 1830-களில் வாங்கிய தொகையின் எண்ணும் ஏறத்தாழ இதே ஒரு லட்சம்தான். நடுவில் பணத்தின் மதிப்பு எங்கே போயிருக்கிறது என்று யோசித்தால் எதிர்த்தவர்களின் கோபம் புரியும். ஆனாலும் போய் நின்றார்களே என்பதை நான் லேசாக எண்ணவில்லை. அரசு இன்றுவரை அதைச் செய்யவில்லை.

நம் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். அடிமை முறைக்கு எதிராகப் பாடம் நடத்திய ஜான் மில்லர் மாதிரியான பேராசிரியர்கள் இருந்த இடம் இது. அமெரிக்கக் கல்லூரிகள் நிறத்தைக் காட்டிக் கதவடைத்த ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித் 1837-ல் மருத்துவப் பட்டம் பெற்றதும் இங்கேதான். நீங்கள் பரீட்சைக்கு முன் இடம் பிடிக்க ஓடும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். அதே இடம், அடிமை உழைப்பில் சேர்ந்த பணத்திலிருந்து நன்கொடைகளையும் உதவித்தொகை நிதிகளையும் வாங்கிக்கொண்டது. 2018-ல் பல்கலைக்கழகமே வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டு, அந்தப் பணத்தின் இன்றைய மதிப்பு 1 கோடியே 67 லட்சம் பவுண்டிலிருந்து 19 கோடியே 80 லட்சம் பவுண்டு வரை இருக்கலாம் என்றது. எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவ்வளவு இடைவெளி. கொடுக்க ஒப்புக்கொண்டது, 20 வருடத்தில் 2 கோடி. கீழ் எல்லையைச் சற்றுத் தாண்டி நிறுத்திக்கொண்டார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அதுவும் ரொக்கமாகப் போகும் பணம் இல்லை. கூட்டு ஆய்வு மையம், ஆய்வுத் திட்டங்கள் என்று போகிறது. இது இழப்பீடுதானா, இல்லை ஆய்வு நிதிக்கு வைத்த நல்ல பெயரா என்று என் வகுப்பிலேயே கடும் சண்டை. நான் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். இப்போது என் நிலை இது: கரீபிய நாடுகள் 2014-ல் வைத்த பத்து அம்சக் கோரிக்கையைப் படித்தால், முதலில் கேட்பது முழுமையான மன்னிப்பு. பிறகு பொதுச் சுகாதாரம், எழுத்தறிவு, தொழில்நுட்பம், கடன் தள்ளுபடி. ஆளுக்கு ஒரு செக் என்பது அதில் இல்லை. ஆகவே ஆய்வு மையம் என்பதாலேயே இதை ஒதுக்க மாட்டேன். எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். வாங்கியவரே எவ்வளவு, எதற்கு, எப்போது என்று முடிவு செய்தால், 1833-ல் போட்ட கணக்கு முறையிலேயேதான் இன்னும் நிற்கிறோம்.

ஒப்பந்தம் 2039 வரை ஓடும். அதற்குள் நீங்கள் எல்லாரும் பட்டம் வாங்கி எங்கெங்கோ போயிருப்பீர்கள். இருக்கும் ஓரிரு வருடத்தில், நிர்வாகம் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசும் கூட்டம் எதற்காவது போனால், வாஷிங் மெஷின் ரிப்பேர், வை-ஃபை புகார்களோடு இதையும் கேட்டுவிடுங்கள்: இதுவரை எவ்வளவு செலவானது, அதில் எவ்வளவு கரீபியனில் செலவானது, அங்கிருந்து எத்தனை மாணவர்கள் இங்கே வந்தார்கள். கேட்டுவிட்டு, பதிலைக் குழுவில் போடுங்கள்.

அன்புடன்,
வரலாற்றுத் துறையிலிருந்து உங்கள் அக்கா